கன்றுக்கு முன் தண்ணீர்



அலையாத்திக் காட்டில் மரக்கன்று நடுவதற்கென்று வெளிநாடுகளில் இருக்கும் நம் சபுராளிச் சகோதரர்கள் சிலர் அறக்கட்டளைக்கு ஸதக்கா அனுப்பியிருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். அனுப்பியவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்தப் பணத்துக்கு எத்தனை கன்று நடலாம்?" நியாயமான கேள்வி. கணக்குக் கேட்பது கொடுத்தவரின் உரிமை. ஆனால் எண்ணிக்கையில் பதில் சொல்வதற்கு முன்னால், அந்தக் கன்று எங்கே நிற்கப் போகிறது, அங்கே எந்தத் தண்ணீரைக் குடிக்கப் போகிறது என்று பார்த்தாக வேண்டும். நிர்வாகக் குழுவில் இதைப் பேசியபோது, மடலில் சற்று விரிவாகவே எழுதிவிடுங்கள் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்த பாடம்தான். நம் கொல்லைப்புறத்தில் வைத்துப் பார்க்கும்போது அது வேறு மாதிரி புரிகிறது.

உயிர்களுக்கும் அவை வாழும் இடத்துக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலை ஆராயும் கல்வியைச் சூழலியல் என்கிறோம். 1866-ல் ஜெர்மன் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் இதற்கு வைத்த பெயர், 'வீடு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. அரபியில் இதை இல்முல் பீஆ என்பார்கள். பீஆ என்பதும் குடியமர்வதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல்தான். ஒரு வீட்டைப் பற்றிப் பேச வேண்டுமானால் சுவரை மட்டும் பேசினால் போதாது, குடியிருப்பவர்களை மட்டும் பேசினாலும் போதாது. வீடு ஆட்களை வளர்க்கிறது. ஆட்கள் வீட்டைக் கட்டுகிறார்கள், சில நேரம் இடிக்கவும் செய்கிறார்கள். ஹிஜ்ரி 255-ல் வஃபாத்தான பஸ்ராவைச் சேர்ந்த அல்-ஜாஹிழ், தமது கிதாபுல் ஹயவானில் ஒரு பிராணி இன்னொன்றை உண்பதையும் அது மற்றொன்றுக்கு உணவாவதையும் எழுதியிருக்கிறார். அதற்காக இன்றைய விஞ்ஞானம் முழுவதையும் அவர் அன்றே சொல்லிவிட்டார் என்று மேடையில் முழங்குவது எனக்கு உடன்பாடில்லை. கூர்ந்து பார்த்தார், பார்த்ததை எழுதினார். அதுவே பெரிய காரியம்.

இனி இடத்துக்கு வருவோம். முத்துப்பேட்டைக்குத் தெற்கே, காவிரி டெல்டாவின் தென்கோடியில் இருக்கும் அலையாத்திக் காடு தமிழ்நாட்டிலேயே பெரியது. சுமார் 12,000 ஹெக்டேர். இத்தனை பரப்பிலும் மரம் இல்லை. லகூன், வாய்க்கால், வெறும் சேற்றுத் திட்டு எல்லாம் சேர்ந்துதான் இந்தக் கணக்கு. பாமணியாறு, கோரையாறு முதலான கடைமடை ஆறுகள் இங்கே வந்து கடலைச் சேர்கின்றன. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் சந்திக்கும் இடம். இரு கடல்கள் சந்திப்பதைக் குறித்து சூரத்துல் ஃபுர்கானிலும் சூரத்துர் ரஹ்மானிலும் வரும் ஆயத்துகளை ஓதும்போதெல்லாம் எனக்கு இந்த முகத்துவாரம் நினைவுக்கு வரும். அவற்றுக்கு விளக்கம் சொல்வது ஆலிம்களின் வேலை. நான் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறுகள் நிறைந்து வரும்போது நம் லகூனில் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். சித்திரை, வைகாசியில் ஆற்று வரத்து நின்று, ஆழமில்லாத தண்ணீர் வெயிலில் வற்றும்போது, உப்பு கடலைவிடவும் கூடிப்போகும். வருடத்துக்கு ஒரு முறை இப்படி இரண்டு முனைகளுக்கும் போய்வரும் இடத்தில் எல்லா உயிரும் வாழ்ந்துவிட முடியாது. ஒவ்வொரு உயிருக்கும் வெப்பத்தில், உப்பில், ஈரத்தில் ஒரு கீழ் எல்லையும் மேல் எல்லையும் உண்டு. அதற்கு இடையில்தான் அது பிழைக்கும். அமெரிக்க அறிஞர் விக்டர் ஷெல்ஃபோர்டு 1913-ல் இதை ஒரு விதியாகவே வகுத்துச் சொன்னார். நமக்கு விதி தெரிய வேண்டியதில்லை. உப்பு ஏறிய வயலில் நெல் என்ன ஆகும் என்று கடைமடை விவசாயிக்குத் தெரியாதா?

நெல் கருகும் இடத்தில் வெண்கண்டல் மரம் நிற்கிறது. அலையாத்தி என்று நாம் பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் இந்த மரத்தைத்தான். முத்துப்பேட்டைக் காட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இதுவே. இது எப்படிச் சமாளிக்கிறது என்பது பார்க்க வேண்டிய விஷயம். தண்ணீரை உறிஞ்சும்போதே வேர் உப்பின் பெரும்பகுதியை வெளியே நிறுத்திவிடுகிறது. தப்பி உள்ளே வந்த உப்பை இலையில் உள்ள நுண்ணிய சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. வெயில் நேரத்தில் இலையை நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும்; சில நேரம் பொடி உப்பு கண்ணுக்கே தெரியும். அடுத்தது காற்று. சேற்றுக்குள் காற்று புகாது, வேர் மூச்சு முட்டும். அதனால் மரத்தைச் சுற்றிப் பென்சில் நட்டது போல ஆயிரக்கணக்கான மூச்சு வேர்கள் மேல்நோக்கி முளைத்து நிற்கின்றன. விதையும் சாதாரண விதை அல்ல. மரத்தில் இருக்கும்போதே காய்க்குள் முளைவிடத் தொடங்கி, விழுந்த சில நாட்களில் வேர் பிடித்துக்கொள்ளும். அலை அடித்துக்கொண்டு போவதற்கு முன் காலூன்ற வேண்டுமே.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் இந்த மரத்துக்கும் ஒரு மேல் எல்லை இருக்கிறது. பிச்சாவரத்தில் தாராளமாக நிற்கும் சுரபுன்னை நம் பக்கம் அரிதாக இருப்பதற்கு உப்பின் அளவு ஒரு முக்கியக் காரணம். வெண்கண்டல் சுரபுன்னையைவிட அதிகம் தாங்கும், அவ்வளவுதான். எல்லையே இல்லாதது அல்ல.

இதுவரை சொன்னது இடம் மரத்துக்கு என்ன செய்கிறது என்பது. மரம் இடத்துக்கு என்ன செய்கிறது என்பது பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. நம் கன்றுகளின் கதி அதில்தான் இருக்கிறது. மரம் நின்றால் தரையில் நிழல் விழும். நிழல் விழுந்தால் சேறு சீக்கிரம் காயாது. காயாவிட்டால் உப்புப் பூக்காது. மூச்சு வேர்கள் ஆறு கொண்டுவரும் வண்டலைப் பிடித்து நிறுத்தித் தரையை உயர்த்தும். உதிர்ந்த இலை மக்கி மண்ணாகும். அடுத்த தலைமுறைக் கன்று முளைப்பதற்கான தரையை இன்றைய மரமே தயார் செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த மரத்தை மொத்தமாக எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புத்தக உதாரணம் தேட வேண்டாம். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை, விறகுக்காகத் தமிழ்நாட்டு அலையாத்திக் காடுகள் கூப்பு கூப்பாகப் பிரித்து வெட்டப்பட்டன. ஒரு கூப்பில் உள்ள மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டிவிட்டு, அது தானாக முளைத்துக்கொள்ளும் என்று அடுத்த கூப்புக்குப் போய்விடுவார்கள். மேட்டு நிலக் காட்டில் இந்தக் கணக்கு ஓரளவு சரிவரலாம். இங்கே சரிவரவில்லை. மரம் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. சேற்றுக்குள் இருந்த ஈரம் வற்றியதும் தரை அமுங்கித் தட்டுப் போலப் பள்ளமாயிற்று. பெரிய அலை ஏற்றத்தில் கடல்நீர் அந்தப் பள்ளத்துக்குள் வரும். இறங்கும்போது வெளியே போக வழி இருக்காது. தேங்கிய நீர் ஆவியாகும், உப்பு மட்டும் மிஞ்சும். அடுத்த ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் உப்பு. உப்பளத்தில் பாத்தி கட்டி நாம் வேண்டுமென்று செய்வதை இங்கே வெட்டுக்கத்தி தானாகச் செய்துவிட்டது. கடைசியில் வெண்கண்டலின் மேல் எல்லையையும் தாண்டி உப்பு ஏறியது. அங்கே விதை விழுந்தாலும் முளைக்காது, கன்று நட்டாலும் நிற்காது.

இதில் மனம் கசக்கும் விஷயம் ஒன்று உண்டு. காடு அழிந்ததற்குப் பழி நெடுங்காலம் பக்கத்துக் கிராமத்து ஏழைகள் மேலேயே இருந்தது. மாடு மேய்த்தார்கள், விறகு ஒடித்தார்கள், அதனால்தான் மரம் வரவில்லை என்றார்கள். மாடு மேய்ந்தது உண்மைதான். வெண்கண்டல் இலை மாட்டுக்குப் பிடிக்கும். ஆனால் மாட்டைத் தடுத்த இடத்திலும் அந்தப் பள்ளங்கள் மொட்டையாகவே கிடந்தன. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பிச்சாவரத்திலும் பிறகு முத்துப்பேட்டையிலும் ஆராய்ந்து, மூல காரணம் பழைய கூப்பு வெட்டும், அதனால் உண்டான உப்புப் பள்ளமும்தான் என்று காட்டினார்கள்.

வைத்தியமும் அதிலிருந்தே கிடைத்தது. வனத்துறையும் கிராமத்தாரும் சேர்ந்து முதலில் மண்வெட்டியைத்தான் எடுத்தார்கள். பள்ளத்தின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால். அதன் இரு பக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் போல இருக்கும். வாய்க்கால் ஆற்றோடு இணைந்ததும் அலை ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வந்தது, இறக்கத்தில் உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போனது. உப்பு எல்லைக்குள் இறங்கிய பிறகுதான் வாய்க்கால் ஓரமாகக் கன்று நட்டார்கள். மொட்டையாகக் கிடந்த இடங்கள் பச்சையானதை நம் ஊர் மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எந்த ஒன்று போதாமலோ மிஞ்சியோ இருக்கிறதோ, அதைச் சரிசெய்யாமல் மற்றதை எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை. பட்டினியில் இருப்பவனுக்குச் சட்டை மேல் சட்டையாகக் கொடுப்பது போலத்தான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தக் காட்டைச் சின்னாபின்னமாக்கிய பிறகு, கன்று நடும் ஆர்வம் நம்மிடையே கூடியது. ஆர்வம் நல்லது. ஆனால் கன்றை ஒரே நாளில் நட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம். தூர்ந்துபோன வாய்க்காலைத் தூர்வாருவதைப் படம் எடுக்க யாரும் வருவதில்லை. மீன் முள் வாய்க்கால்களில் வண்டல் சேரும். சில வருடத்துக்கு ஒரு முறை வாரிவிடாவிட்டால் பழைய பள்ளமே திரும்பிவிடும்.

காடு நமக்கு எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இறால் கணக்கைச் சொல்கிறேன். வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு அலையோடு முகத்துவாரத்துக்குள் வந்து, அலையாத்தி வேர்களுக்கு இடையில் ஒளிந்து தின்று வளர்ந்து, ஓரளவு பெரிதானதும் கடலுக்குத் திரும்பும். அது இங்கே தின்பது என்ன? உதிர்ந்த இலையைப் பாக்டீரியாவும் பூஞ்சையும் மக்க வைக்கின்றன, நண்டுகள் துண்டாக்குகின்றன. அந்தத் தூளும் அதன் மேல் படிந்த நுண்ணுயிரும்தான் இறால் குஞ்சின் சாப்பாடு. இறாலையும் சிறு மீனையும் கொடுவா தின்னும். கொடுவாவை நாம் தின்கிறோம். இதைத்தான் உணவுச் சங்கிலி என்கிறோம்.

இந்தச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து மேல்படிக்குப் போவது தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான். மீதி மூச்சுவிடுவதிலும் ஓடியாடுவதிலும் செலவாகிவிடும். ரேமண்ட் லிண்ட்மன் என்ற இளம் அமெரிக்க அறிஞர் ஒரு ஏரியை வருடக்கணக்கில் அளந்து, 1942-ல் வெளியான கட்டுரையில் இந்த ஓட்டத்தை விளக்கினார். பெரும் மதிப்பீடாகச் சொன்னால், ஆயிரம் கிலோ இலை நூறு கிலோ சிற்றுயிராகி, பத்துக் கிலோ சிறு மீனாகி, ஒரு கிலோ கொடுவாவாக நம் சட்டிக்கு வருகிறது. கரையில் மரம் குறைந்தால் வலையில் மீன் ஏன் குறைகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான கணக்கு கிடையாது. வலை இழுப்பவர்களில் நம் பைத்துல்மாலிலிருந்து கல்வி உதவி பெறும் குடும்பங்களும் உண்டு.

மக்க வைக்கும் பாக்டீரியாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது நமக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மறுநாள் சில இடங்களில் குர்பானிக் கழிவை வாய்க்காலில் தள்ளிவிடுகிறார்கள். "மீன்தானே தின்னும், ஆற்றோடு போய்விடும்" என்கிறார்கள். இரத்தமும் குடலும் தண்ணீரில் விழுந்ததும் பாக்டீரியா பெருகும். பெருகப் பெருக, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அது இழுத்துக்கொள்ளும். வெயில் காலமாக இருந்தால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பிறகு செத்து மிதக்கும். அழுகிய முட்டை வாடை அடிக்கும். (அலையாத்திச் சேற்றிலும் இந்த வாடை கொஞ்சம் உண்டு, அது இயல்பானது, பயப்பட வேண்டாம்.) இலையை மக்கவைத்து இறாலுக்குச் சோறு போடும் அதே பாக்டீரியாதான், அளவு மீறினால் மீனைக் கொல்கிறது. சூரத்துர் ரஹ்மானில் வரும் மீஸான் என்ற சொல்லை நாம் தராசு என்று மட்டும் புரிந்துகொள்கிறோமோ என்று சில நேரம் தோன்றும். ஆக, கழிவைக் குழி தோண்டிப் புதையுங்கள். மண்ணுக்குள் அதுவே தென்னைக்கு உரம்.

ஆற்றுத் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. "காவிரித் தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது" என்று எல்லாக் கட்சிக்காரர்களும் பேசுகிறார்கள். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு ஆற்றின் ஓட்டம் நம் கையில் வந்தது. பாசனம் வளர்ந்தது, நாமும் அதில் சோறு தின்கிறோம், மறுப்பதற்கில்லை. ஆனால் முகத்துவாரத்துக்கு வரும் தண்ணீர் வீண் அல்ல. உப்பைக் கழுவுவதும் வண்டலைக் கொண்டுவருவதும் அதுதான். விவசாயியின் பங்கைக் குறைத்துக் காட்டுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் இயல்பாக வடிந்து வரும் தண்ணீர் வழி அடைபடாமல் வந்து சேர்ந்தால் போதும். வடிகாலில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டால் மேலே வயல் மூழ்கும், கீழே காடு காயும். ஒரே அடைப்பு, இரண்டு நஷ்டம்.

இறால் பண்ணை விவகாரம் நீளமானது, இங்கே விரிக்கவில்லை. சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கடற்கரை இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததும், 2005-ல் அவற்றை முறைப்படுத்தச் சட்டம் வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். நிலத்தைப் பண்ணைக்குக் குத்தகைக்கு விடுமுன், உப்பு ஏறிய மண்ணை மறுபடி நெல் வயலாக்குவது லேசான காரியம் அல்ல என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஸதக்காப் பணத்துக்கு வருகிறேன். அலையாத்திக் காடு காப்புக் காடு. கோடியக்கரையோடு சேர்த்து 2002-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே நாமாக ஒரு கன்றுகூட நட முடியாது, நடவும் கூடாது. நிர்வாகக் குழு யோசித்திருப்பது இது: வந்த தொகையில் பெரும்பகுதியை, அனுமதி பெற்று, நம் ஊர் வடிகாலைத் தூர்வாரவும், அது ஆற்றில் சேரும் இடத்தில் பிளாஸ்டிக்கைத் தடுக்கும் இரும்புத் தடுப்பு அமைக்கவும் செலவிடுவது. காட்டுக்குள் வாய்க்கால் வாரும் வேலையை வனத்துறை எடுத்தால், அதில் இறங்கும் நம் பகுதி ஆட்களின் கூலிக்கு அதிலிருந்து உதவுவது. குர்பானிக் குழிகளுக்கு ஒரு சிறு தொகை. தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகு, மிச்சப் பணத்தில் கன்று.

ஆனால் இன்ன காரியத்துக்கு என்று குறிப்பிட்டுக் கொடுத்த பணத்தை நிர்வாகம் தன் இஷ்டத்துக்கு வேறு காரியத்துக்குத் திருப்ப முடியாது, அது அமானிதம். அதனால் கன்றுக்கென்று பணம் அனுப்பிய ஒவ்வொருவருக்கும் இந்த மடலோடு ஒரு சம்மதப் படிவம் வைத்திருக்கிறோம். சம்மதிப்பவர்கள் கையெழுத்திட்டு அனுப்புங்கள். "கன்றுக்கு மட்டும்தான்" என்பவர்கள் அப்படியே எழுதுங்கள். அவர்கள் தொகை தனிக் கணக்கில் இருக்கும், நடத் தகுந்த நிலம் கிடைக்கும்வரை தொட மாட்டோம். திரும்ப வேண்டும் என்பவர்களுக்குத் திருப்பித் தரப்படும், அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. படிவம் வராதவர்களின் தொகையைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டோம். வந்த பதில்களின் எண்ணிக்கையும், வடிகால் வேலையின் மதிப்பீடும் அடுத்த மடலில் இன்ஷா அல்லாஹ் வெளியாகும்.